மழலையர் கல்வி கண்ட மாண்டிசோரி அம்மையார்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் நாட்டுப் பழமொழி. இளமைக் கல்வியின் இன்றியமையாமையை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆயினும், ஐந்து வயதுக் குழந்தையை வளைப்பது எங்ஙனம் என்று எண்ணிய அளவுக்கு, அக்குழந்தை தானே வளர்வது எங்ஙனம் என்று ஆராய்ந்தவர் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள்ளும், கல்விக்கு ஆகாதவர் என்று பிறர் ஒதுக்கிய குழந்தைகளிடம் முதலிற் சென்று, அவர்களிடம் கண்ட உண்மையைக் கொண்டு எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்ற கல்வி முறையை வகுத்தவர் ஒருவர் உளர். அவரே மேரியா மாண்டிசோரி அம்மையார். மருத்துவராய், பல்கலைக்கழக விரிவுரையாளராய், ஆராய்ச்சியாளராய், ஆசிரியர்க்கும் ஆசிரியராய் விளங்கிய அப்பெருமாட்டியாரின் வாழ்வும் பணியும் கற்போர் அனைவரும் அறியத்தக்கன.

இளமையும் கல்வியும்

இத்தாலி நாட்டின் கீழைக் கடற்கரைப் பகுதியில் கியாராவல்லே என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மேரியா பிறந்தார். தந்தையார் அலெசாண்டுரோ அரசாங்க அலுவலர். தாயார் ரெனில்தே நூற்பயிற்சி மிக்கவர். மேரியா ஐந்து வயதுச் சிறுமியாய் இருந்தபொழுது, 1875-இல், குடும்பம் உரோம் நகரில் குடியேறியது.

அக்காலத்தில் கல்வி கற்ற பெண்ணுக்குத் தக்க தொழில் ஆசிரியத் தொழில் ஒன்றே என்று பெரும்பாலோர் கருதினர். பெற்றோரும் மகளை ஆசிரியையாகக் காணவே விரும்பினர். மேரியாவோ, வேறு எத்தொழிலாயினும் ஏற்பேன், ஆசிரியத் தொழிலை மட்டும் ஏலேன் என்று மறுத்தார் என்பர். பின்னாளில் உலகெங்கும் உள்ள ஆசிரியர்க்கு வழிகாட்டியாய் விளங்கப் போகும் ஒருவர், இளமையில் அத்தொழிலையே வெறுத்து ஒதுக்கியது வியப்பிற்கு உரியது.

மேரியா ஆண்பிள்ளைகளே மிகுதியாகப் பயின்ற தொழில்நுட்பப் பள்ளியிற் சேர்ந்து கணிதம் பயின்றார். பின்னர் மருத்துவம் கற்க விழைந்தார். 1890-இல் உரோம் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து இயற்கை அறிவியல் பாடங்களை முடித்து, அதன்பின் மருத்துவப் படிப்பிற் புகுந்தார். உடன் பயின்ற ஆடவர் பலர் அவரை ஏளனம் செய்தனர். பிணத்தை அறுத்து உடற்கூறு அறியும் பயிற்சியினை ஆண் மாணவரோடு சேர்ந்து பெறுதல் பெண்ணுக்குத் தகாது என்று விதித்தமையால், அனைவரும் சென்ற பின்னர், தனியே அக்கூடத்தில் அமர்ந்து அவர் அப்பயிற்சியை முடித்தார். 1896-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற பெண்டிர் அந்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவ்வாண்டிலேயே பெர்லின் நகரில் நடந்த மகளிர் மாநாட்டில் இத்தாலி நாட்டுப் பெண்களின் சார்பாகக் கலந்துகொண்டு, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் வேண்டும் என்று பேசினார்.

ஒதுக்கப்பட்ட குழந்தைகள்

பட்டம் பெற்ற மாண்டிசோரி, உரோம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மனநோய் மருத்துவப் பிரிவில் துணை மருத்துவராய்ப் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு நகரின் மனநோய் விடுதிகளுக்குச் சென்று வருவது அவர் வழக்கம். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்நாளில் அவ்விடுதிகளிலேயே அடைத்து வைத்திருந்தனர். அவர்களுக்குப் பள்ளி இல்லை. விளையாட்டுப் பொருள் இல்லை. அவர்களோடு பேசுவாரும் இல்லை. உணவும் உறையுளும் மட்டுமே அவர்கள் பெற்றவை.

அவ்விடுதிகளுள் ஒன்றில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. ஒரு வெற்றறையில் குழந்தைகள் பலர் அடைபட்டிருந்தனர். உணவு முடிந்தவுடன் அவர்கள் தரையில் வீழ்ந்து, சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைச் சுட்டிக்காட்டி, இவை உணவின்மேல் அடங்காத ஆசை கொண்டவை என்று காவற்பெண் இகழ்ந்துரைத்தாள். மாண்டிசோரி உற்றுநோக்கினார். குழந்தைகள் துணுக்குகளை உண்ணவில்லை. விரல்களால் உருட்டியும் திரட்டியும் பார்த்துக்கொண்டிருந்தனர். அவ்வறையில் கையால் தொட்டு அறிவதற்கு வேறு ஒரு பொருளும் இல்லை. அவர்கள் பசித்தது உணவுக்கன்று. கைக்கும் கருத்துக்கும் வேலை வேண்டியே பசித்தனர். இவ்வுண்மை மாண்டிசோரியின் உள்ளத்தில் பதிந்தது. காவற்பெண்ணும் அவரும் கண்ட காட்சி ஒன்றே. கொண்ட கருத்து வேறு. முன்முடிவு இன்றி நோக்குதலே ஆராய்ச்சியின் முதற்படி என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

முன்னோர் இருவர்

இத்தகைய குழந்தைகளுக்கு உதவ வழி உண்டோ என்று தேடிய மாண்டிசோரி, பிரெஞ்சு நாட்டு மருத்துவர் இருவரின் நூல்களைக் கண்டெடுத்தார். ஒருவர் இட்டார், மற்றவர் அவர்தம் மாணவராகிய சேகன்.

1800-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஆவேரான் பகுதிக் காட்டிலிருந்து சிறுவன் ஒருவன் வெளிப்பட்டான். அவனுக்குப் பேச்சு இல்லை, மக்கட்பழக்கமும் இல்லை. அவனை மேலும் ஆராய்வது வீண் என்று அறிஞர் சிலர் கைவிட்டனர். பாரிஸ் நகரில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராயிருந்த இட்டார் அவனை ஏற்று, விக்டர் என்று பெயரிட்டு, ஐந்தாண்டு அளவு கற்பித்தார். விக்டர் பேசக் கற்றானல்லன். எனினும், கண், செவி, கை ஆகிய பொறிகளைப் படிப்படியாகப் பயிற்றியதனால் பெரிதும் திருந்தினான். எழுத்துக் கட்டைகளைக் கொண்டு சில சொற்களை அமைக்கவும் அறிந்தான். அவ்வழியை மேலும் விரித்து, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென ஒரு முறையையே வகுத்தவர் சேகன். அவர் தம் நூலை 1846-இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று, அங்கும் அப்பணியைத் தொடர்ந்து, 1880-இல் மறைந்தார். அவருடைய நூலைப் பலரும் மறந்திருந்த காலத்தில் மாண்டிசோரி அதனைத் தேடிப் படித்தார்.

நூலறிவும் நேரிற் கண்ட அறிவும் ஒன்றுகூடவே, அவர் உள்ளத்தில் ஒரு முடிவு பிறந்தது. 1898-ஆம் ஆண்டில் தூரின் நகரில் கூடிய ஆசிரியர் மாநாட்டில் அம்முடிவை அவர் வெளியிட்டார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் குறை மருந்தினால் தீர்வதினும் கல்வியினால் தீர்வதே மிகுதி. அவர்களுக்கு வேண்டுவது மருத்துவமனைக் கட்டில் அன்று, பள்ளி என்பது அவ்வுரையின் சாரம். மருத்துவர் ஒருவரே இங்ஙனம் கூறியது அவையோரை வியப்பில் ஆழ்த்தியது. கல்வி அமைச்சராயிருந்த குயிதோ பச்செல்லி, உரோம் நகர ஆசிரியர்களுக்கு இப்பொருள்பற்றி விரிவுரை ஆற்றுமாறு மாண்டிசோரியை வேண்டிக்கொண்டார்.

இரண்டாண்டுச் சோதனை

அதன் பயனாக, 1900-ஆம் ஆண்டில், இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென ஒரு பள்ளி உரோம் நகரில் தோன்றியது. மாண்டிசோரியும் ஜூசெப்பே மொந்தெசானோ என்னும் மருத்துவரும் அதற்குத் தலைமை தாங்கினர். ஆசிரியர்களைப் பயிற்றுவதோடு மாண்டிசோரி அமைந்துவிடவில்லை. காலை எட்டு மணி தொடங்கி மாலை ஏழு மணி வரை தாமே குழந்தைகளுக்குக் கற்பித்தார். இரவில் அன்றன்று கண்டவற்றைக் குறித்து வைத்தார், ஒப்பிட்டார், பாகுபடுத்தினார்.

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி அப்பள்ளியில் இருந்தாள். கைகளில் வலிவு இருந்தும், அவளுக்குத் தையல் பிடிபடவில்லை. ஊசியை நூலின் மேலும் கீழுமாகச் செலுத்தும் முதற்படியே கைவரவில்லை. மாண்டிசோரி ஊசியைக் கீழே வைக்கச் சொன்னார். காகித நாடாக்களை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய் முடையும் விளையாட்டில் அவளை ஈடுபடுத்தினார். சில நாள் சென்று, அவள் கையில் மீண்டும் ஊசியைத் தந்தார். சிறுமி தைத்தாள். பாய் முடைந்தபொழுது கை பழகிய அசைவே ஊசிக்கும் உதவியது.

இச்சிறு நிகழ்ச்சியிலிருந்து மாண்டிசோரி ஒரு பொது விதியைக் கண்டார். ஒரு செயலைச் செய் என்று ஏவுவதற்கு முன்னர், அச்செயலுக்கு வேண்டிய அசைவுகளை வேறோர் எளிய வழியில் கைக்குப் பழக்க வேண்டும் என்பதே அது. தையலுக்குப் பொருந்துவது எழுத்துக்கும் பொருந்தும் அன்றோ? அவர் மரத்தால் எழுத்துகளைச் செய்வித்து, எழுதும் போக்கிலேயே அவற்றின்மேல் விரலை ஓட்டப் பழக்கினார். எழுத்தின் வடிவம் கண்ணுக்கு மட்டுமன்றிக் கைக்கும் நினைவாயிற்று.

விடுதியிலிருந்து வந்த குழந்தைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் நன்கு கற்றனர். பொதுப் பள்ளி மாணவர் எழுதும் தேர்விற்கு அவர்களையும் மாண்டிசோரி அனுப்பினார். அவர்கள் தேர்ச்சி பெற்றனர். உரோம் நகரம் இதனை ஓர் அற்புதம் என்று போற்றியது.

எழுந்த வினா

பிறர் புகழ்ந்தபொழுது மாண்டிசோரி மகிழ்ந்து அமைந்தாரல்லர். அவர் உள்ளத்தில் வேறொரு வினா எழுந்தது. அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று தள்ளப்பட்ட குழந்தைகள், குறை ஒன்றும் இல்லாத குழந்தைகளுக்கு நிகராகத் தேர்வில் நின்றனர் என்றால், அக்குறையில்லாத குழந்தைகள் இதனினும் மிக உயர்ந்த நிலையை அன்றோ எய்தியிருத்தல் வேண்டும்? அவர்களை அங்ஙனம் உயரவொட்டாது தடுத்து நிறுத்தியது யாது? அடிதொறும் இருக்கையில் பிணித்து, அசையாதே என்று அடக்கி, பரிசும் தண்டனையும் காட்டி ஓட்டும் பள்ளி முறையே அத்தடை என்று அவர் ஐயுற்றார்.

இவ்வினாவே மாண்டிசோரியின் வாழ்வில் திருப்புமுனை. பின்தங்கிய குழந்தை ஒன்றைக் கண்டால், குழந்தையிடம் குறை என்பதே அந்நாள் வழக்கு. அவரோ பள்ளியைத் தேர்வுக்கு உட்படுத்தினார்.

விடை காண்பதற்குத் தம் கல்வி போதாது என்று உணர்ந்து, புகழோடு நடத்திய பதவியை 1901-இல் விட்டு நீங்கினார். மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் மீண்டும் மாணவியாய்ப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து மெய்யியலும் உளநூலும் கற்றார். தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று கற்பிக்கும் முறைகளை நோக்கினார். இட்டார், சேகன் ஆகியோரின் நூல்களை முதலிலிருந்து முடிவு வரை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நிறுத்து அறிவதற்கே அங்ஙனம் செய்தார். ஏட்டைப் படியெடுத்துக் கற்ற நம் பழந்தமிழ்ப் புலவர்க்கு இவ்வழி புதிதன்று. 1904 முதல் 1908 வரை உரோம் பல்கலைக்கழகத்தில் கல்வியையும் மானிட நூலையும் இணைத்து விரிவுரைகள் நிகழ்த்தினார்; அவை 1910-இல் நூலாயின.

குழந்தைகள் இல்லம்

உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்தனர். அங்கே கட்டப்பட்ட பெரிய குடியிருப்புகளைக் கட்டட நிறுவனம் ஒன்று பழுது பார்த்துச் சீர்திருத்தியது. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின்னர், பள்ளி வயது எய்தாத சிறுவர் மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைக் கெடுத்தனர். ஆதலின், அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள நிறுவனத்தார் கருதினர். அப்பொறுப்பை மாண்டிசோரியிடம் ஒப்படைத்தனர். சுவரைக் காப்பதற்கென்று தொடங்கிய அம்முயற்சி, குழந்தைகள் கல்வியில் ஒரு புது வழியைத் திறந்தது.

1907-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள் குழந்தைகள் இல்லம் திறக்கப்பெற்றது. மூன்று முதல் ஆறு அல்லது ஏழு வயது வரையுள்ள ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் அங்கே இருந்தனர். ஆசிரியப் பயிற்சி பெறாத இளம்பெண் ஒருத்தி அவர்களைக் கவனித்தாள். பள்ளி இருக்கைகள் வாங்கப் பொருள் இல்லை. மாண்டிசோரி, முன்பு அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு பழகியபொழுது செய்வித்த கருவிகளையே இங்கும் கொணர்ந்து வைத்தார். என்ன நிகழ்கிறது என்று நோக்கினார்.

இரு நிலைகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை அவர் விரைவில் கண்டார். முன்னைய குழந்தைகளை ஆசிரியர் இடையறாது ஊக்க வேண்டியிருந்தது. இங்கோ, குழந்தைகள் தாமே கருவிகளை எடுத்தனர், தாமே பிழை கண்டனர், தாமே திருத்தினர். கருவி ஒன்றே; அதனைக் கொள்ளும் உள்ளத்திற்கேற்ப ஆசிரியரின் உதவி மிகுவதும் குறைவதும் ஆயிற்று.

மூன்று வயது அளவுள்ள சிறுமி ஒருத்தி, பல பருமன் உடைய உருளைக் கட்டைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தி முடித்ததும் மீண்டும் கழற்றினாள்; மீண்டும் பொருத்தினாள். மாண்டிசோரி எண்ணத் தொடங்கினார். சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாடச் செய்தார்; சிறுமி தலை நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டைகளை மடியில் இடுக்கிக்கொண்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பதுக்கும் மேற்பட்ட முறை அங்ஙனம் செய்த பின்னர், துயில் நீங்கி எழுந்தவள்போல் தலை நிமிர்ந்து புன்னகை செய்தாள். குழந்தையின் கருத்து ஒன்றில் நிலைக்காது என்று கூறுவோர்க்கு இச்சிறுமியே விடை. தனக்கு வேண்டிய வேலை கிடைத்தால் குழந்தையின் கருத்து நிலைக்கும்.

மற்றொரு நாள், கருவிகள் வைத்த அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டாள். காலையில் குழந்தைகளே அதனைத் திறந்து, வேண்டியதை எடுத்து, வேலையில் ஈடுபட்டிருந்தனர். திருட்டு என்று ஆசிரியை சினந்தாள். எது எங்கே இருக்கிறது என்று அறிந்து தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும் திறம் குழந்தைகளுக்கு உண்டு என்று மாண்டிசோரி அறிந்தார். அன்று முதல், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் பூட்டில்லாத அலமாரிகள் அமைந்தன. அவர்களே தூக்கி வைக்கத்தக்க சிறு மேசைகளும் நாற்காலிகளும் செய்யப்பட்டன.

கருவிகளும் கற்பிக்கும் முறையும்

மாண்டிசோரியின் கருவிகள் எளியவை. ஆயினும் நுண்ணிய கருத்துடையவை. பத்துக் கனசதுரக் கட்டைகளை எடுத்துக்கொள்வோம். மிகச் சிறியதன் பக்கம் ஒரு சென்டிமீட்டர். மிகப் பெரியதன் பக்கம் பத்துச் சென்டிமீட்டர். நிறம் ஒன்றே, அளவு மட்டும் வேறு. பெரியதன்மேல் சிறியதாக அடுக்கினால் கோபுரம் எழும். ஒன்று இடம் மாறினால் கோபுரமே பிழையைக் காட்டிவிடும். ஆசிரியர் கடிந்துரைக்க வேண்டுவதில்லை.

பெயர்களைக் கற்பிப்பதற்குச் சேகன் வகுத்த மூன்று படிகளை அவர் கைக்கொண்டார். முதற்படியில், இது சிவப்பு, இது நீலம் என்று ஆசிரியர் காட்டுவார். இரண்டாம் படியில், சிவப்பைக் கொடு என்பார். மூன்றாம் படியில், இஃது என்ன என்று வினவுவார். குழந்தை பிழைபட்டால் திருத்துவதும் வற்புறுத்துவதும் இல்லை. அது கற்பதற்குரிய வேளை இன்னும் வரவில்லை என்று அறிந்து, பாடத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வார்.

மர எழுத்துகள் செய்ய மிகுந்த பொருள் வேண்டியிருந்தமையால், சான் லொரென்சோவில் உப்புத்தாளை எழுத்து வடிவாக வெட்டி அட்டையில் ஒட்டினர். குழந்தை அச்சொரசொரப்பான வடிவத்தின்மேல் விரலை ஓட்டியவாறே அதன் ஒலியைக் கூறும். திண்ணைப் பள்ளியில் மணலின்மேல் விரலால் எழுதிப் பழகிய வழக்கத்தை அறிந்த தமிழர்க்கு இம்முறையின் பயன் எளிதில் விளங்கும். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு நாள், மாண்டிசோரி குழந்தைகளோடு மொட்டை மாடியில் அமர்ந்திருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்தான். திடுமென, எனக்கு எழுத வருகிறது என்று கூவி, கை, புகைபோக்கி, கூரை என்னும் சொற்களை வரிசையாக எழுதினான். ஒருவரும் அவனை எழுதுமாறு ஏவவில்லை. பாய் முடைந்த பின்னர்த் தைக்கத் தெரிந்துகொண்ட சிறுமியிடம் கண்ட உண்மையே இங்கும் பலித்தது.

புகழும் எதிர்ப்பும்

1909-இல் மாண்டிசோரி தம் முறையை விளக்கும் நூலை இத்தாலிய மொழியில் வெளியிட்டார். 1912-இல் அஃது ஆங்கிலத்தில் வெளிவந்தது; பிற மொழிகளிலும் பரவியது. 1913-இல் பல நாட்டு ஆசிரியர்களுக்கு உரோம் நகரில் பயிற்சி அளித்தார். அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கா சென்றபொழுது பெருஞ்சிறப்போடு வரவேற்கப்பட்டார்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1914-இல் அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பாட்ரிக், இம்முறையை ஆராய்ந்து நூல் ஒன்று எழுதினார். கருவிகள் ஒரு வரம்பிற்குள் அடங்கியவை. கற்பனைக்கும் கூட்டு விளையாட்டிற்கும் இடம் போதாது. பொறிகளைத் தனித்தனியே பயிற்றுவது பழைய உளநூற் கொள்கை என்று அவர் குறை கூறினார். அதனால் அந்நாட்டில் இம்முறையின் செல்வாக்குச் சில காலம் குன்றியது. பின்னர், அறுபதாம் ஆண்டுகளில் அஃது அங்கே மீண்டும் தழைத்தது.

இத்தாலியில் முசோலினியின் அரசாங்கம் முதலில் மாண்டிசோரிப் பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது. குழந்தையைத் தன் விருப்பத்திற்கேற்ற போர்வீரனாக ஆக்க விரும்பும் ஆட்சியும், குழந்தையின் உரிமையைப் போற்றும் கல்வியும் நெடுநாள் ஒன்றி வாழ இயலுமோ? 1934-இல் இருவர்க்கும் இடையே உறவு முறிந்தது; பள்ளிகள் மூடப்பட்டன. செருமனியிலும் ஹிட்லர் ஆட்சியில் அவ்வாறே நேர்ந்தது. மாண்டிசோரி பார்சிலோனாவில் வாழ்ந்தபொழுது, 1936-இல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் நீங்கி ஆலந்து நாட்டை அடைந்தார்.

தமிழ்நாட்டில் அம்மையார்

1939-ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபையின் தலைவராயிருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, அறுபத்தொன்பது வயதில் மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். அவர்தம் மகனார் மாரியோவும் உடன் வந்தார். அடையாற்றில் நடந்த முதற் பயிற்சி வகுப்பில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் 300-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில திங்கள் தங்கிச் செல்ல வந்தவரைப் போர் பல்லாண்டு தடுத்து நிறுத்தியது. 1940-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இத்தாலி போரிற் புகுந்தது. இத்தாலிய நாட்டினர் என்னும் காரணத்தால், ஆங்கில அரசாங்கம் மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் போக்குவரவைக் கட்டுப்படுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று மாரியோ விடுவிக்கப்பட்டார். தம் நாட்டுக்குத் திரும்பவும் இயலாது, வந்த நாட்டில் முழு உரிமையும் இன்றி வாழ்ந்த அந்நிலையிலும் அவர் பணி தடைப்படவில்லை. 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கி, வேறு வேறு வயதுக் குழந்தைகள் ஒருங்கே பயிலும் சிறு பள்ளியை நடத்தினார். மரம், செடி, நீர், மண் ஆகியவற்றைக் கண்டு கற்கும் பகுதி அங்கே விரிவடைந்தது. 1944-இல் இலங்கைக்குச் சென்றும் பயிற்சி அளித்தார். 1946-இல் ஐரோப்பா திரும்பிய அவர், 1947-இல் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை தொண்டாற்றினார். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் உள்ளம் சூழலை எங்ஙனம் ஈர்த்துக்கொள்கிறது என்று விளக்கும் அவர்தம் புகழ்பெற்ற நூல், இந்தியாவில் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து உருவாகி, 1949-இல் அடையாற்றிலேயே வெளியாயிற்று.

1952-ஆம் ஆண்டு மே திங்கள் 6-ஆம் நாள், ஆலந்து நாட்டுக் கடற்கரை ஊராகிய நோர்த்வைக்கில் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஒருங்கே பயிலும் கல்வி

மாண்டிசோரியின் ஆராய்ச்சியில் முற்றுப்பெறாத பகுதி ஒன்று உண்டு. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குத் தனிப் பள்ளியிலேயே அவர் கற்பித்தார். சான் லொரென்சோ இல்லமோ அத்தகைய குழந்தைகளுக்கென எழுந்ததன்று. ஒரு சாராரிடம் கற்ற உண்மையை மறுசாரார்க்கு வழங்கினாரேயன்றி, இரு சாராரையும் ஒரே அறையில் ஒருங்கே அமர்த்தும் பணி அவரால் நிறைவேறவில்லை. அவர் காலத்து மருத்துவர் இத்தகைய குழந்தைகளைக் குறிக்க வழங்கிய கடுஞ்சொற்கள் அவர் நூலிலும் காணப்படுகின்றன. இன்று அச்சொற்களை எவரும் வழங்குதல் தகாது.

எஞ்சிய அப்பணியைப் பின்வந்தோர் மேற்கொண்டனர். செருமனியின் முனிச் நகரில் குழந்தை மருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தியோடர் ஹெல்புருகே, 1968-இல் மாண்டிசோரி முறையைத் தழுவிய மழலையர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதில் உடற்குறை, அறிவுக்குறை உடைய குழந்தைகளும் அக்குறை இல்லாத குழந்தைகளும் ஒருங்கே பயின்றனர். அங்கே கற்றவர்கள் மேலும் உடன் பயிலுமாறு 1970-இல் தொடக்கப் பள்ளியும் எழுந்தது.

மாண்டிசோரி முறை இதற்குப் பொருந்தியது ஏன் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரே நேரத்தில் ஒரே பாடத்தை ஐம்பதின்மர்க்கு உரைக்கும் வகுப்பில், விரைந்து கற்பவனும் துன்புறுவான்; மெல்லக் கற்பவனும் துன்புறுவான். குழந்தை ஒவ்வொன்றும் தனக்கேற்ற வேலையைத் தேர்ந்து, தன் நடைக்கேற்பச் செல்லும் வகுப்பில், இவன் முந்தினான், அவன் பிந்தினான் என்னும் பேச்சுக்கு இடம் குறைவு. வயது மூத்த குழந்தை இளைய குழந்தைக்கு உதவுதல் அங்கே இயல்பு. அவ்வுதவியைக் குறையுடைய தோழனுக்கும் செய்தல் எளிது. அவனிடம் பெறுதலும் எளிது.

1994-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் சாலமான்கா நகரில் 92 அரசாங்கங்களின் பேராளர்கள் கூடினர். உடல், அறிவு, மொழி, வறுமை என எந்நிலையில் வேறுபட்டிருப்பினும், குழந்தைகள் அனைவரையும் பொதுப் பள்ளிகளே ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும் என்று அவர்கள் அறிவித்தனர். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் குறையுடையோரும் குறையிலாரும் ஒருங்கே பயிலும் கல்வியை வலியுறுத்துகிறது.

சட்டம் வாயிலைத் திறந்துவிடும். உள்ளே வந்த குழந்தைக்குக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. அக்குழந்தையின் அருகே இடம் தந்து அமர்வது உடன் பயிலும் மாணவர் கடமை. நடக்க இயலாத தோழனுக்காக அமைத்த சாய்தளம் பாரம் சுமந்து வரும் முதியவர்க்கும் உதவுகின்றது. காது கேளாத தோழிக்காகக் கரும்பலகையில் தெளிவாக எழுதிய பாடம் வகுப்பினர் அனைவர்க்கும் விளங்குகின்றது. கடைசியில் நிற்கும் குழந்தைக்கென்று செய்த நன்மை அக்குழந்தையோடு நின்றுவிடுவதன்று. இவ்வுண்மையை மாண்டிசோரி அம்மையார் மனநோய் விடுதியின் வெற்றறையில் கண்டார். சான் லொரென்சோவில் மெய்ப்பித்தார். அன்று அடைபட்டிருந்த அக்குழந்தைகளின் பெயர்கள் ஏட்டில் இல்லை. எனினும், இன்று உலகெங்கும் சிறு நாற்காலியில் அமர்ந்து, உப்புத்தாள் எழுத்தின்மேல் விரலை ஓட்டிக் கற்கும் ஒவ்வொரு குழந்தையும் அவர்களுக்குக் கடமைப்பட்டுள்ளது.